ஏழு முதல் இரண்டு வரை

மதியம் இரண்டு மணிக்கு என் மனைவி குழந்தையை என் கையில் கொடுத்தாள். முகம் கழுவித் தலைவாரித் துணி மாற்றியிருந்தாள். "பன்னெண்டே முக்காலுக்குப் பால் குடிச்சா. வலது பக்கம் பதினஞ்சு நிமிஷம், இடது பக்கம் பத்து. யூரின் மூணு தடவை, மோஷன் ஒண்ணு, கலர் நார்மல். தொப்புள் காய்ஞ்சிட்டு வருது. அடுத்து மூணு மணிக்குக் குடுக்கணும்" என்றாள். நான் முடி வெட்டுகிறவன். கலர் என்றால் எனக்குத் தலைக்கு அடிக்கிற சாயம்தான். இருந்தாலும் எல்லாம் விளங்கியவன் போலத் தலையாட்டினேன். அவள் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். மருந்துக் கடைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரார் மண்டையைத் தடவிப் பிழைக்கிறவனுக்கு மண்டையில் ஒன்றுமில்லை என்று என் அக்கா சொல்வது சும்மா இல்லை.

பிரசவ வார்டில் பதினொரு வருடமாக நர்ஸ் அவள். வார்டில் அவளுக்கு 'வரும் சிஸ்டர்' என்று பெயர். பால் சுரக்கவில்லை என்று அழுகிற பெண்களின் தலைமாட்டில் நின்று, "வரும்மா, வரும்" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. நாங்கள் தெருவில் போனால் யாராவது ஒருத்தி நிறுத்தி, இடுப்புயரம் வளர்ந்த பிள்ளையைக் காட்டி, "சிஸ்டர், உங்க கையில பொறந்தது" என்பாள். இவள் உண்டானபோது கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் எனக்கு வாழ்த்துச் சொன்ன விதமே வேறு. உனக்கென்னப்பா, வீட்டிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது, காலாட்டிக்கொண்டு உட்கார் என்றார்கள். நானும் கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டுக் காலாட்டத்தான் வந்தேன்.

குழந்தை பிறந்த இந்த ஒன்பது நாளும் குறை சொல்ல ஏதுமில்லை. ஒவ்வொரு முறையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்கினாள். குளிப்பாட்டினால் ஒரு சொட்டுத் தண்ணீர் காதில் போகாது. துணியில் சுற்றினால் கடையில் வைத்துக் கட்டிய பொட்டலம் தோற்றுவிடும். ஒத்தாசைக்கு வந்த என் அக்கா இரண்டே நாளில், "எனக்கு இங்க என்னடா வேலை, உன் பொண்டாட்டி பத்துப் பிள்ளை பெத்தவ மாதிரி இருக்கா" என்று பாராட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். என் மனைவி குழந்தையை 'பேபி' என்றுதான் கூப்பிட்டாள். பெயர் யோசிக்கலாமா என்று கேட்டதற்கு, டிஸ்சார்ஜ் ஆனதும் பார்த்துக்கொள்ளலாம் என்று வாய்தவறிச் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். பதினாறு வருடமாக முகங்களைக் கண்ணாடியில் பார்த்துப் பிழைக்கிறேன். வெட்டி முடித்ததும் வாய் "நல்லாருக்குப்பா" என்று சொல்லும், கண்ணாடியில் இருக்கிற முகம் வேறொன்று சொல்லும். பிடிக்காத முகம் எனக்கு ஒரு நொடியில் பிடிபட்டுவிடும். மூன்றாம் நாள் பீரோக் கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். குழந்தை மடியில் கிடந்தது. அவள் குனிந்து, யாரோ தன்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் எனக்குப் புரிந்தது. கடையில் என்ன செய்வேனோ அதையே வீட்டிலும் செய்தேன். அங்கே பிரஷ்ஷை எடுத்துக் கழுத்தைத் தட்டிவிட்டு "சூப்பரா இருக்கு சார்" என்பேன். இங்கே, "எவ்வளவு அழகாப் பாத்துக்கறே" என்றேன். அவள் குழந்தையைக் கிடத்திவிட்டுக் கை கழுவப் போனாள்.

இரண்டரை ஆனது. குழந்தை நெளிய ஆரம்பித்தது. எத்தனை மணிக்குப் பால் என்று சொன்னாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. நோட்டை எடுத்தேன். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, நேரம், பால், சிறுநீர், எடை என்று வரிசையாக எழுதியிருந்தாள். கடைசிக் கட்டத்தின் தலையில் 'தாய்' என்று இருந்தது. வார்டு நோட்டைப் பற்றி அவள் முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறாள். தாய் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாளா, அதனோடு பேசுகிறாளா, ஆசையாக அணைக்கிறாளா என்று நர்ஸ் கவனித்து அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டுமாம். மூன்று நாள் தொடர்ந்து பெருக்கல் குறி விழுந்தால் பெரிய டாக்டரிடம் சொல்ல வேண்டுமாம். இந்த நோட்டில் ஒன்பது நாளுக்கும் பெருக்கல் குறி. முதல் நாளுடையது பென்சிலில் இருந்தது. மற்றதெல்லாம் பேனா. ஒன்பது நாளாக அந்த நோட்டு மேசைமேல் விரித்தபடியேதான் கிடந்தது. ஆறாம் நாள் பக்கத்தில் வட்டமாக ஒரு கறை. அது என் டீ டம்ளர் வைத்த இடம்.

குழந்தையைத் துண்டில் சுற்றி, நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

தினமும் வேலைக்கு ஏறுகிற பஸ் நிறுத்தத்தில், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பை மடியில் இருந்தது. எங்கே கிளம்பினாய் என்று கேட்டேன்.

"தெரியலைங்க. மணி ரெண்டு ஆச்சு, கால் தானா வந்துடுச்சு."

பதினொரு வருடமாக ஏழு மணிக்குப் போய் இரண்டு மணிக்கு அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறிய கால்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் புத்தி மறுபடியும் பிரஷ்ஷைத் தேடியது. "நீ நல்லாத்தானே பாத்துக்கறே" என்றேன்.

"எல்லாக் குழந்தையையும் அப்படித்தான் பாத்துப்பேன்."

"இது நம்ம குழந்தைம்மா."

"தெரியுது" என்றாள். சாலையைப் பார்த்தபடியே பேசினாள். "பால் வந்துடுச்சு. மத்தது வரலை. அது வராமலே வீட்டுக்குப் போனவங்க எத்தனை பேரோ. எங்கிட்ட சொல்ல வந்திருப்பாங்க. நான்தான் வரும் வரும்னு வாயை அடைச்சிட்டேன்."

வரும் என்ற சொல் எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். நோட்டைக் காட்டி, நாளைக்கே பெரிய டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். அங்கே எல்லோருக்கும் தன்னைத் தெரியும் என்றாள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்குப் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. நாளைக்கு மறுநாள் கடை திறந்தாக வேண்டும். அப்புறம் இவள் இரண்டு மணிக்கு யாரிடம் ஒப்படைப்பாள்?

பஸ் வந்து நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "அடடே, குழந்தையா சிஸ்டர்? வீட்டு மகாலட்சுமியா, ராஜாவா?" என்றார். பொண்ணு என்று அவள் சிரித்தாள். வார்டில் சிரிக்கிற அதே சிரிப்பு. அவர் கையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால் அவள் ஏறியிருப்பாளா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹாரன் சத்தத்தில் குழந்தை வீரிட்டது. அழுகை ஏற ஏற அவள் மார்பில் துணி நனைந்து பரவியது. அடுத்தவர் சட்டையில் கொட்டிய தண்ணீரைப் பார்ப்பதுபோலக் குனிந்து அதைப் பார்த்தாள். பையிலிருந்து கை துடைக்கும் மருந்தை எடுத்து, விரலிடுக்கு, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து, காயும்வரை காத்திருந்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினாள்.

குழந்தையைக் கொடுத்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த துண்டை உருவி, எதிரில் நின்று விரித்து மறைத்தேன். அழுகை நின்றது. அவள் ஒரு கையால் நோட்டை வாங்கித் தொடையில் வைத்து நேரத்தை எழுதினாள். இரண்டு ஐம்பது. எந்தப் பக்கம் என்று எழுதினாள். கடைசிக் கட்டம் வந்ததும் நிறுத்தி, நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"இதை நீங்க பாத்து எழுதுங்க."

துண்டின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு வாங்கினேன். சும்மாவே ஓயாத வாய் எனக்கு, இப்போது அதில் துண்டு. கண்ணாடி எதுவும் நடுவில் இல்லாமல் அவளை நேராகப் பார்த்தேன். குழந்தை கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தது. அவள் அடுத்த பஸ் திரும்புகிற தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டத்துக்குள் நான் ஊன்றிய பேனா முனையில் மை ஊறி, புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.