ஏழாவது கேள்வி

புது மருந்து ஆய்வுக்கான நர்ஸ் ஏழாவது கேள்வியைக் கேட்டபோதும் அண்ணன் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது உங்க தம்பிக்கு இந்த மாதிரி வந்திருக்கா சார்? மனசு சம்பந்தமா மாத்திரை ஏதாவது சாப்பிட்டிருக்காரா?"

"இல்லை."

குரலில் நூலளவும் பிசகவில்லை. முப்பத்திரண்டு வருஷம் எடை அளவை ஆய்வாளராக இருந்து, கடை கடையாக ஏறித் தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைத்த மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவரைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்துதான் நிற்பார்கள். அவர் இல்லை என்றால் அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை. நர்ஸும் கேட்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி மனைவியும் ஆமோதித்துத் தலையாட்டினாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அறிந்தவரைக்கும் அது சத்தியமான பதில்.

அவளுடைய அண்ணன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். முந்தாநாள் சேதி கேட்டதும் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தவர். "எப்படி இருக்கும்? நாங்க நல்லா விசாரிச்சுத்தானே பொண்ணு குடுத்தோம்," என்றார். சொன்னது நர்ஸிடம், பார்த்தது அண்ணனை.

"விசாரிச்சுக் குடுத்த இடம்தான் சம்பந்தி. ஒரு குறையும் வராது," என்றார் அண்ணன்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஆறு நாளாகத் தூக்கமில்லை. நான்காம் நாள், பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டுக்கு வேகம் போதாது என்று சொல்லி மின்பெட்டியைப் பிரித்துப் போட்டான். உள்ளே சிக்கியிருந்த மூன்று பேருக்குக் கூரை ஓட்டை வழியாக ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தான். காவலாளிகள் இறக்கிக் கொண்டுவந்தார்கள். இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்து அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடந்தபடி, காவலுக்கு நின்ற ஆண் நர்ஸிடம் வானத்துக்கு லிஃப்ட் போடுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தான். குரல் கம்மிவிட்டது. வாய் மட்டும் ஓயவில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுதான், ஆனால் நிதானமானவள். அண்ணனையும் தம்பி மனைவியையும் உட்காரவைத்து விளக்கினாள். இந்த வேகத்தைத் தணிக்க ஒரு புது மருந்து. சரியாக வேலை செய்கிறதா என்று மூன்று வாரம் சோதிக்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு.

"இவருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அது முத்திரை போட்ட உறைக்குள்ள இருக்கு. இவர் குணமாகலைன்னா, இல்ல ரொம்ப முடியாமப் போனா, உடனே நிறுத்திட்டு வழக்கமான வைத்தியத்துக்குப் போயிடுவோம். எப்ப வேணும்னாலும் நீங்க வேண்டாம்னு சொல்லலாம். ஒண்ணு மட்டும் முக்கியம். வேற எந்த மாத்திரையும் உள்ள போகக் கூடாது. சளி மாத்திரையா இருந்தாக்கூட எங்களுக்குச் சொல்லணும்."

முத்திரை என்ற சொல் அண்ணனுக்குப் பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்டார். தம்பி மனைவியும் போட்டாள். தம்பியிடம் தாளை நீட்டியதும் அவன் பக்கம் முழுக்க ஒரே கையெழுத்தாகப் போட்டு, கீழே லிஃப்ட் படமும் வரைந்து கொடுத்தான்.

உண்மை இதுதான். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், வேறு ஊரில் வேலை பார்த்தபோது, தம்பிக்கு இதே நோய் வந்தது. தகவல் அண்ணனுக்கு மட்டும் வந்தது. தனியாகப் போனார். அங்கே ஒரு கிழ டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் தம்பியோடு இருந்து அழைத்து வந்தார். ஊருக்கும் உறவுக்கும், ஏன், தெளிந்த பிறகு தம்பிக்குமே, மஞ்சள்காமாலை முற்றிக் காய்ச்சலில் பிதற்றினான் என்று சொன்னார். அப்போது தம்பிக்குப் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பா போன பிறகு அந்தக் குடும்பத்தின் பெயரைச் சுமந்தவர் அண்ணன். அதில் ஒரு கீறல் விழ அவர் விடுவதாக இல்லை.

டாக்டர் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆயுசுக்கும் விடக் கூடாது என்றார். அண்ணன் அதைச் சத்து மாத்திரை டப்பா ஒன்றில் கொட்டி வைத்துக்கொண்டார். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் தம்பியின் உள்ளங்கையில் இரண்டு வைப்பார். அவன் எதற்கு என்று கேட்டதே இல்லை. அண்ணன் கொடுத்தால் வாங்கிப் போட்டுக்கொள்வான். வருஷம் ஒருமுறை, சர்க்கரை பார்க்கலாம் வா என்று கூட்டிப்போய் இரத்தம் எடுப்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆபீஸ் வேலை, பிறகு பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டு அந்த ஊருக்குப் போய் மாத்திரை வாங்கி வருவார். பதினான்கு வருஷம் அப்படியே ஓடியது. நோய் எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வருஷம் கிழ டாக்டர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். இனி ஒரு புது டாக்டரிடம் போக வேண்டும். போனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். தம்பியையும் கூட உட்காரவைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். அண்ணன் தள்ளிப்போட்டார். இருந்த மாத்திரையை நீட்ட, இரண்டை ஒன்றாக்கினார். இத்தனை வருஷம் வராதது இனி எங்கே வரப்போகிறது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

ஒன்பதாவது வாரம் நோய் திரும்ப வந்தது.

ஆக, நோயைக் கூப்பிட்டவர் தானே என்பது அவருக்குத் தெரியும். பழைய மருந்துக் கடைக்காரரைக் கெஞ்சி ஒரு டப்பா வாங்கி வந்துவிட்டார். கெஞ்சுவது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. குறைத்ததால் வந்தது என்றால் கூட்டினால் போகும்; இது அவர் போட்ட கணக்கு. வார்டில் காலை இரண்டு, சாயங்காலம் இரண்டு, நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துக் கொடுத்தார்.

"அண்ணா! உன் மாத்திரையும் இவங்க மாத்திரையும் வயித்துக்குள்ள ரேஸ் விடுது! யாரு ஜெயிப்பா சொல்லு!" என்று தம்பி கத்தினான்.

"கத்தாதடா. தண்ணியக் குடி."

"தண்ணியா? எனக்கா? நேரம் ஏது? மேல எல்லாம் காத்துக்கிட்டு இருக்காங்க!"

டம்ளரைத் தள்ளிவிட்டான். இரண்டு நாளாக நாலு வாய்த் தண்ணீர்கூட இறங்கவில்லை. சட்டை மட்டும் வியர்வையில் நனைந்து நனைந்து காய்ந்தது.

காலை பத்து மணிக்கு நர்ஸ் வந்து உட்காருவாள். தூக்கம், பேச்சு, கோபம் என்று பதினோரு விஷயம் பார்த்து மதிப்பெண் போடுவாள். மதிப்பெண் குறையக் குறைய நல்லது. முதல் நாள் முப்பத்தாறு. இரண்டாம் நாள் முப்பத்து மூன்று. மூன்றாம் நாள் தம்பி கட்டிலில் படுத்தே பதில் சொன்னான். பதினேழு.

"மாமா, அடங்கிட்டாரு. ராத்திரி தூங்கினாராம்," என்றாள் தம்பி மனைவி. ஒரு வாரத்தில் அன்றுதான் அவள் தலை வாரியிருந்தாள்.

"மருந்துன்னா இது மருந்து! மாவு விழுந்திருந்தா இப்படிக் கேக்குமா?" என்றார் வேன்காரர்.

அண்ணன் தம்பியின் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மயிரிழைக் கம்பியைக் கண் மூடிக்கொண்டு முறுக்கும் கை அது. இப்போது போர்வையின் மேல் கிடந்து தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் டம்ளரைக் கொடுத்தாள், பிடிக்க முடியவில்லை. தண்ணீர் கழுத்தில் வழிந்தது. ஏதோ சொன்னான், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழறின. பிறகு பக்கவாட்டில் சரிந்து வாந்தி எடுத்தான்.

டாக்டரம்மா வந்து கண்ணைப் பார்த்தாள், முழங்காலைத் தட்டிப் பார்த்தாள், இரண்டு பேர் தாங்க நடக்கவிட்டுப் பார்த்தாள். தம்பி குடித்தவன்போல் கால் பின்னி நின்றான். அவள் முகம் மாறியது. எல்லாரையும் வராந்தாவுக்கு அழைத்தாள்.

"இது அடங்கினது இல்லை. உடம்புக்குள்ள ஏதோ கெட்டுக்கிட்டு வருது. எங்க மருந்தாலயா, வேற எதாலயான்னு தெரியணும். உறையைப் பிரிக்கச் சொல்லி ஃபோன் பண்ணப்போறேன். இரத்தம் எடுத்திருக்கோம், ஆனா எதைத் தேடணும்னு தெரிஞ்சாத்தான் தேட முடியும். கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க. வெளியிலேர்ந்து ஏதாவது குடுத்தீங்களா?"

"எங்களுக்கு என்ன தெரியும்? நீங்க குடுக்குறதுதான்!" வேன்காரர் பாய்ந்தார். "எலிக்குக் குடுத்துப் பாக்கவேண்டியதை மனுஷனுக்குக் குடுத்துட்டு எங்களைக் கேக்குறீங்களா?"

டாக்டரம்மா அண்ணனைப் பார்த்தாள். தம்பி மனைவியும் அவரைத்தான் பார்த்தாள்.

"இல்லை," என்றார். இந்தத் தடவை தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

டாக்டரம்மா ஓடினாள். அண்ணன் மெதுவாக நடந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வேட்டி மடிப்பிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கொட்டித் தண்ணீரை இழுத்துவிட்டால் முடிந்தது. பழி புது மருந்தின் மேல் விழும். சம்பந்தி வீட்டார் முன்னால் குடும்பம் தலை நிமிர்ந்தே நிற்கும்.

ஆனால் கை கவிழவில்லை. நான் கொடுத்த மருந்து தெரியாவிட்டால் டாக்டருக்கு நோய் தெரியாது. இது தெரிந்தும் வாய் மூடினால், நான் கட்டிக் காப்பது யாருடைய பெயர்? செத்துப்போன தம்பியின் பெயரையா? தப்புப் படிக்கல் வைத்த வியாபாரிகள் அவர் காலைப் பிடித்து அழுதது உண்டு. ஒருவனையாவது அவர் மன்னித்தது கிடையாது.

அறையிலிருந்து தம்பி மனைவியின் அலறல் கேட்டது.

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வந்தபோது தம்பியின் உடம்பு கட்டிலில் வெட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் அவனை ஒருக்களித்துப் பிடித்திருந்தார்கள். அண்ணன் கூட்டத்தை விலக்கி நேரே போய் டாக்டரம்மாவின் கையில் டப்பாவை வைத்தார்.

"லித்தியம். பதினாலு வருஷமா தினம் ரெண்டு. இடையில ரெண்டு மாசம் ஒண்ணு. இங்க வந்தப்புறம் நாலு. இன்னைக்குக் காலையிலயும் குடுத்தேன். தண்ணி சரியா குடிக்கலை."

மேலதிகாரிக்கு அறிக்கை படிப்பதுபோல் சொன்னார். வேறு எந்த மாதிரியும் அவரால் சொல்ல முடிந்திருக்காது.

அவள் ஒரு கணம்கூட அவரைத் திட்டுவதில் செலவழிக்கவில்லை. "தண்ணி இறங்காம லித்தியம் விஷமா ஏறியிருக்கு. அளவு பாருங்க, உடனே! சலைன் ஓடட்டும். கிட்னி டாக்டரைக் கூப்பிடுங்க," என்று குரல் கொடுத்தாள். வலிப்பு அடங்கியதும் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

வராந்தாவில் மூன்று பேர் மிஞ்சினார்கள்.

"பதினாலு வருஷமா?" வேன்காரர் கிட்டே வந்தார். "அப்ப எங்களுக்குக் குடுத்த வாக்கெல்லாம்? பெரிய மனுஷன், நேர்மையான ஆளுன்னு ஊரே சொல்லுச்சே. உங்களைப் பாத்துத்தான்யா பொண்ணு குடுத்தோம்!"

அண்ணன் குனியாமல் நின்று கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு சொல்லும் நியாயம்.

"நீ சும்மா இரு," என்றாள் அவருடைய தங்கை. "அவர் பிழைக்கட்டும் முதல்ல."

இரண்டு மணிக்குச் சோதனை முடிவு வந்தது. இருக்க வேண்டியதைப் போல நாலு மடங்கு. இரத்தத்தை இயந்திரத்தில் ஓட்டிச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் தெரியாமல் போயிருந்தால் என்று ஆரம்பித்த கிட்னி டாக்டர் வாக்கியத்தை முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

ஆய்வு நர்ஸ் படிவத்தோடு வந்தாள். தம்பியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்களாம். "பதிலைத் திருத்தணும் சார்."

"வேற தாள் குடும்மா. சுத்தமா எழுதித் தர்றேன்."

"புதுசு எழுதக் கூடாது சார். வெள்ளை மையும் பூசக் கூடாது. குறுக்க ஒரே ஒரு கோடு. பழைய பதில் கீழ தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்து."

'இல்லை'யின் மேல் கோடு இழுத்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. எத்தனை வருஷம் அந்தக் கோப்பு இருக்குமோ, அத்தனை வருஷமும் தெரியும். பக்கத்தில் 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தார்.

தம்பி மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எனக்குச் சொல்லாதது ஒரு பக்கம் இருக்கட்டும் மாமா. அதுக்கு உங்ககிட்ட நான் தனியா சண்டை போடணும். ஆனா அவருக்கே தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாது."

"தன் உடம்புக்குள்ள என்ன போகுதுன்னு அவருக்கே தெரியாம பதினாலு வருஷம். இங்க ஒரு நாள் மாத்திரை குடுக்குறதுக்கு எத்தனை கையெழுத்து வாங்கினாங்க மாமா!"

வேன்காரர் திட்டியதெல்லாம் சேர்ந்து செய்யாததை அந்தச் சொல் செய்தது. அண்ணன் முதல் தடவையாக நாற்காலியில் சாய்ந்தார்.

மறுநாள் மத்தியானம் தம்பி கண் விழித்தான். கை நடுக்கம் பாதி குறைந்திருந்தது. பேச்சில் பழைய வேகத்தின் மிச்சம் கொஞ்சம் இருந்தது. நோய் போகவில்லை, அதற்கு இனிமேல்தான் முறையான வைத்தியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். ஆனாலும் கேள்வி கேட்கிற மனிதனாக இருந்தான்.

"என்ன அண்ணா, ஆளாளுக்கு என் மூஞ்சியையே பாக்குறீங்க? யாராவது செத்துட்டாங்களா? நானா?"

மனைவிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. தலையணையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் நின்ற வேன்காரர் சங்கடமாக நெளிந்தார். என்ன இருந்தாலும் மனிதர். "அண்ணன் தம்பி பேசுங்க. நான் வெளியில இருக்கேன்," என்று கதவைச் சாத்தப் போனார்.

"சாத்தாதீங்க சம்பந்தி," என்றார் அண்ணன். "உள்ள வந்து உட்காருங்க. நீங்களும் கேக்கணும்."

அவர் வந்து உட்காரும்வரை காத்திருந்தார். கதவு திறந்தே இருந்தது. வராந்தாவில் போகிற வருகிறவர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். அண்ணன் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, தம்பியின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"பதினாலு வருஷத்துக்கு முன்னாடி உனக்கு வந்தது மஞ்சள்காமாலை இல்லைடா," என்று தொடங்கினார்.