வெற்றுக் குமிழ்

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்டு இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்தியதும் முயலம்மா ஹெட்போனைக் கழற்றினாள். ஐம்பத்து மூன்று வயதில், பத்து வயதுப் பையனாகி, எரிகிற தெரு முழுக்க ஓடி முடித்திருந்தாள். மூச்சு வாங்கவில்லை. குழந்தைகள் தொடர் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் முயலுக்குக் குரல் கொடுத்ததில் சொந்தப் பெயர் எங்கோ போய்விட்டது. டப்பிங் கூடத்தில் எல்லோருக்கும் அவள் முயலம்மாதான். அதில் அவளுக்கு வருத்தமில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள் நடுவில், நாலு காலோடு நிற்கிற முயல் நான் ஒருத்திதான் என்பாள்.

இப்போதைய வேலை வேறு ரகம். நாற்பது வருடத்துக்கு முன் ஜப்பானில் கறுப்பு மையால் வரையப்பட்ட ‘மாங்கா’ படக்கதை, இப்போது வண்ணத்தில் அனிமே என்கிற கார்ட்டூன் தொடராக வந்திருக்கிறது. போரில் எரிந்த நகரத்தில் ஒரு தாய் அரக்கியாகிவிடுகிறாள். அவளைக் கொல்லக் கத்தியோடு புறப்படும் மகன், பன்னிரண்டு புத்தகம் அலைந்து, கடைசிப் புத்தகத்தில் அவளை நேருக்கு நேர் பார்க்கிறான். அந்த மகனுக்குத்தான் தமிழில் முயலம்மா குரல்.

வசன இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“அக்கா, ஒரு சிக்கல். அரக்கிக்குப் பேசறவங்களுக்குத் தொண்டையில ஆபரேஷன். ரெண்டு மாசம் வாயே தொறக்கக் கூடாதாம். கடைசி எபிசோடுல ஒரே ஒரு அலறல்தான் பாக்கி. யாரைக் கூப்பிடலாம்?”

“எதுக்குக் கூப்பிடணும்? நான் பண்றேன்.”

அவர் சிரித்துவிட்டார். “முயல் எப்படிக்கா அரக்கியாகும்?”

“அவளுக்கு முதல்ல பிள்ளை பொறந்துச்சு, அப்புறம்தான் கொம்பு முளைச்சுது. முதல் பாதி எனக்குத் தெரியும். மீதிப் பாதி உங்களோட இத்தனை வருஷம் வேலை செஞ்சதுல வந்துடுச்சு.”

இன்ஜினியர் மைக்கை அணைக்க மறந்து சிரித்தது கூடம் முழுக்கக் கேட்டது. மறுநாள் காலை பதிவு என்று முடிவாயிற்று.

வீட்டில் இந்தச் செய்தியைச் சொல்வதுதான் கஷ்டம். மகனுக்கு இருபத்தொரு வயது. அந்தப் பன்னிரண்டு புத்தகமும் அவன் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அவனுக்குப் பதினாலு வயதில் அப்பா இறந்த பிறகு, ஒரு வருடம் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றையே படித்தான். “மாங்கா, மாங்கான்னு உயிரை விடறியே, அதுல அப்படி என்னடா புளிப்பு?” என்று அவள் அப்போது கேலி செய்ததுண்டு. அவன் சிரிக்கவில்லை. வெகுநாள் கழித்து ஒருமுறை மட்டும் சொன்னான்: “அப்பா போய் மூணாவது வாரமே நீ டிவியில முயலாச் சிரிச்சே.” அது முன்பே பதிவானது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் டப்பிங் கூடத்துக்குப் போய் அவள் சிரித்ததும் உண்மை. அதனால் பேசாமல் இருந்துவிட்டாள்.

“அரக்கிக்கும் நான்தான்” என்றாள், இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே.

“வேணாம்மா. அந்தக் கடைசிப் பக்கத்தைக் கெடுத்துடாதே.”

“கெடுக்க மாட்டேன். அந்தப் புத்தகத்தைக் கொடு.”

அவள் சொன்ன விதத்தில் அவனால் மறுக்க முடியவில்லை. “கையைத் துடைச்சுட்டுத் தொடு” என்று எடுத்துக் கொடுத்தான்.

கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படம். முட்டிபோட்ட அரக்கி, எதிரில் கத்தியோடு பையன். “அம்மா” என்கிறான் அவன். அவள் வாய் திறந்திருக்கிறது. அருகே வசனம் எழுதுகிற பேச்சுக் குமிழ். உள்ளே ஒரு எழுத்துமில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். அந்தக் குமிழுக்குள் மட்டும் தாள் மெலிந்திருந்தது. பென்சிலால் எழுதி எழுதி ரப்பரால் அழித்த தடம்.

“நீயாடா எழுதினே?”

“சின்ன வயசுல.”

“எதுவும் பொருந்தலையா?”

அவன் புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்துக் கண்ணாடியை மூடினான்.

மறுநாள் மைக் முன்னால் நின்றபோது அவளுக்குத் தயக்கமே இல்லை. முதலில் இயக்குநர் கேட்ட அலறலைக் கொடுத்தாள். இன்ஜினியர் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கிப் பிடித்தார். “பிரமாதம்க்கா, முடிஞ்சுது” என்றார் இயக்குநர்.

“இது உங்களுக்கு. இன்னொண்ணு எனக்காக எடுங்க. பையன் குரலை என் காதுல போடுங்க.”

திரை மறுபடி ஓடியது. ஹெட்போனில் அவளுடைய பத்து வயதுக் குரலே “அம்மா” என்று அவளைக் கூப்பிட்டது. ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்து நின்றது. பெஞ்சில் பள்ளிச் சீருடையோடு மகன். டாக்டர் சொன்னதை அவனிடம் சொல்ல வாயைத் திறந்தாள் அன்று. மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு வார்த்தையாக வெளியே வரவில்லை. அவன் அதிலேயே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டான். அந்த மூச்சை, அதே அளவில், அதே நடுக்கத்தோடு, இப்போது மைக்கில் இழுத்தாள். அங்கேயே நிறுத்தினாள்.

“ஒண்ணும் பதிவாகலையே” என்று குனிந்த இன்ஜினியர், திரையில் எழுந்திருந்த சின்ன அலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“வெறும் மூச்சா அக்கா?” என்றார் இயக்குநர்.

“குமிழ் காலியா இருக்கு, வாய் தொறந்திருக்கு. அவ பேசத்தான் தொறந்தா. அந்தப் படத்துல இருக்கறது அவ்வளவுதான்.”

அவர் பேனாவை எடுத்துத் தாளில் குறித்துக்கொண்டார். “ரெண்டையும் தயாரிப்பாளருக்கு அனுப்பறேன். எது வரும்னு நான் சொல்ல முடியாது.”

“அனுப்புங்க. என் வேலை முடிஞ்சுது” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பதினோரு மணி வெயிலில் பசியோடு, வேகமாக நடந்தாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துவைத்த துணிக் கூடையோடு மகன் அறையைத் தாண்டும்போது நின்றாள். காதில் வயரோடு கணினி முன்னால் உட்கார்ந்திருந்தான். திரையில் முட்டிபோட்ட அரக்கி. காட்சி முடிந்தது. அவன் அசையவில்லை. பிறகு சுட்டியைப் பிடித்துக் காட்சியைப் பின்னால் இழுத்தான். மறுபடி பார்த்தான். மறுபடியும் இழுத்தான்.

கூடையிலிருந்து ஈரம் தரையில் சொட்டியது. அவன் திரும்பாமலே கூப்பிட்டான்:

“உள்ளே வாயேன்.”

அவள் கூடையை வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அவன் கணினியிலிருந்து வயரைப் பிடுங்கினான். எரிகிற நகரத்தின் காற்று அறை முழுக்க வீசியது. “அம்மா” என்றான் பையன். திரையில் அரக்கியின் வாய் மெல்லத் திறந்தது. இழுத்த மூச்சு ஒன்று கேட்டு, அங்கேயே நின்றது.