உமையம்மாளுக்குப் பொறுப்பாளி யார்?

பாறசாலைப் பக்கம் மிஷன் மருந்துச்சாலையில் பேறு பார்க்கிறவள் நான். சுகிர்தபாய் என்றால் ஆரியங்கோட்டிலிருந்து பொழியூர் வரைக்கும் தெரியும். பிள்ளை குறுக்கே கிடந்தாலும் எனக்குக் கை நடுங்காது. ஆனால் கொல்லம் ஆண்டு 1089 ஆவணியில் ஒருநாள், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன் பாருங்கள், சீ, சவம், இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

காலை எட்டு மணிக்கு உமையம்மாளை மஞ்சலில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம், இரண்டு நாள் வலி. பிள்ளையின் தலை இறங்கி, இடுப்பெலும்பில் மாட்டிக்கொண்டு நின்றது. மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டேன். பிள்ளையின் நெஞ்சு துடித்தது, நன்றாகவே துடித்தது. ஆயுதம், அதுதான் பிள்ளையின் தலையைப் பிடித்து இழுக்கும் இடுக்கி, அதைப் போட்டு எடுத்தால் இரண்டு உயிரும் பிழைக்கும். எங்கள் வெள்ளைக்கார டாக்டர் துரை திருவனந்தபுரம் போயிருந்தார். ஆயுதம் போட எனக்குத் தெரியும், அவரே பழக்கியதுதான். ஆனால் போன வருஷம் ஒருத்தி செத்து, அவள் வீட்டார் கோர்ட்டுக்குப் போன பிறகு துரை ஒரு சட்டம் வைத்திருந்தார். பெண்ணுக்குப் பொறுப்பாளி சம்மதத் தாளில் கையெழுத்துப் போடாமல் ஆயுதத்தைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

அதற்கென்ன, புருஷன் வாசலில்தானே நிற்கிறார் என்று தாளை நீட்டினேன். காந்திமதிநாதபிள்ளை, நெய்யாற்றின்கரைத் தாலுகா கச்சேரியில் கிளார்க்கு. இரண்டு தடவை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் போட முடியாது, கேட்டியா. நாங்க மருமக்கவழியாக்கும். வயித்துல கெடக்கது அவ அண்ணனுக்க வாரிசு. அவருதான் போடணும்."

அவர்கள் வழக்கத்தில் அப்பன் சொத்து மகனுக்கு வராது, தங்கை மகனுக்குத்தான் போகும். சரி என்று கூட வந்திருந்த அண்ணன் தாணுபிள்ளையிடம் போனேன். அவர் தாளைத் தொடக்கூட இல்லை.

"கெட்டிக் குடுத்த பொண்ணு புருஷனுக்க பொறுப்பு. நான் போட்டு, பிள்ளை செத்துப்போச்சுண்ணு வையி, வாரிசை மாமனே கொன்னாண்ணு ஊரு சொல்லும். அவரைப் போடச் சொல்லு."

"நான் போட்டுச் செத்தா இவிய வீட்டுல எம்மேல கேஸ் குடுப்பாவ" என்றார் கிளார்க்கு.

"நாங்க எதுக்கு ஓய் குடுக்கோம்?"

"அப்போ அதை எழுதித் தாரும்."

இருவர் பேசியதிலும் நியாயம் இருந்தது. அதுதான் என்னைப் போட்டுக் குழப்பியது. அவர் பேசும்போது அவர் சொல்வது சரி, இவர் பேசும்போது இவர் சொல்வது சரி. உள்ளே அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதறுகிறாள். நான் உள்ளேயும் வெளியேயுமாக ஓடினேன். பதினொரு மணிக்குக் குழலை வைத்தபோது துடிப்பு மெலிந்திருந்தது.

"பிள்ளைமாரே, ரெண்டு பேருமா சேந்து போட்டுத் தொலையுங்க!" என்று கத்தினேன். சேர்ந்து போட்டால் யார் பெயர் முதலில் என்று அதற்கும் ஒரு தர்க்கம் நடந்தது.

உச்சிப்பொழுது தாண்டியது. குழலில் ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தேன். ஐயோ கர்த்தாவே, ஒன்றுமே கேட்கவில்லை. இனி தாயாவது பிழைக்கட்டும், வேலை போனால் போகிறது என்று ஆயுதத்தைக் கொதிக்கப் போட்டேன். கையெழுத்தில்லாமலே எடுத்தேன். ஆண்பிள்ளை, நீலம் பாரித்துக் கிடந்தான். உமையம்மாள் பிழைத்தாள்.

எட்டாம் நாள் போலீஸ் சேவகன் ஒரு மனுவின் நகலைக் கொண்டுவந்தான். பொறுப்பாளிகளின் சம்மதமில்லாமல் சுகிர்தபாய் ஆயுதம் போட்டு ஆண்வாரிசைக் கொன்றாள் என்று எழுதி, புருஷனும் அண்ணனும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடப் பாவிகளா! அன்றைக்கு இரண்டு பேருக்கும் பொறுப்பில்லை, இன்றைக்கு இரண்டு பேரும் பொறுப்பாளியா? சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அதை எடுத்துக்கொண்டு, இன்னும் மருந்துச்சாலைக் கட்டிலிலேயே கிடந்த உமையம்மாளிடம் போனேன்.

"மக்கா, நீ சாட்சி சொல்லணும். நான் ஆயுதத்தைத் தொடும்போதே பிள்ளைக்கு உயிரு இல்லேண்ணு சொல்லணும். இல்லேண்ணா என்னை ஜெயில்ல போட்டிருவாவ."

அவள் மனுவை வாங்கினாள். எழுத்துக்கூட்டாமல் கடகடவென்று வாசித்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சொல்லுதேன் அக்கா. என்னை இங்க கொண்டு வந்தப்போ உயிரு இருந்துதா?"

உண்மையைச் சொன்னால் இவளும் எனக்கு எதிராகத் திரும்பிவிடுவாளோ? பொய் சொன்னால் இவள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

"இருந்துது" என்றேன்.

"எப்போ வரைக்கும்?"

"உச்சை வரைக்கும்."

அவள் மனுவை மடித்து என் கையில் தந்தாள்.

"அண்ணனைக் கேட்டிய. கெட்டினவியளைக் கேட்டிய. நான் இந்தக் கட்டில்லதானே அக்கா கெடந்தேன். எனக்கிட்ட ஏன் கேக்கல்ல? நான் அப்பமே போட்டுத் தந்திருப்பேனே."

எத்தனையோ பேறு பார்த்திருக்கிறேன். படுத்துக் கிடக்கிறவளிடம் கேட்கலாம் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.