பக்கத்து மனை

சந்திரகலா மனை விற்கும் வேலைக்குச் சேர்ந்து மாதங்களாகியும் ஒன்றுகூட விற்றபாடில்லை. பெரியபாளையம் சாலையில் முதலாளி சந்திரமோகன் போட்டிருந்த லேஅவுட்டின் படங்களை ஆர்குட்டில் ஏற்றியாயிற்று, ஊரெல்லாம் எஸ்எம்எஸ்ஸும் போயாயிற்று. 'சூப்பர்', 'நைஸ் வியூ' என்று எழுதினார்கள், வாங்க ஆளில்லை.

"இந்த மாசமும் ஆவலைன்னா வேற வேல பாத்துக்கோம்மா" என்று சந்திரமோகன் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை இலவச வேனில் வருகிறவர்கள் எல்லாரும் ஆண்கள். பிரியாணி சாப்பிட்டுவிட்டு, "ஊட்ல கேட்டு சொல்றேன் மேடம்" என்று போய்விடுவார்கள். அந்த ஊட்டில் இருப்பவளுக்கு யாரும் எதையும் காட்டவில்லை என்பது சந்திரகலாவுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அவளையும் அப்படித்தான், கல்யாணமான கையோடு, ஒரு கம்பெனி மதிலுக்குப் பின்னால் பிடித்திருந்த வாடகை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். கதவைத் திறந்தால் மதில். பேச ஆளில்லாமல் அங்கே கழிந்த பகல்களைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைத் தொழிலாளி கோபால் மனை பார்க்க வந்தபோது, அவருடைய கேமரா போனை வாங்கி அவளே படம் எடுத்தாள். வேப்பமரம், குழாய், பஸ் நிற்கிற இடம்.

"உங்க ஊட்டம்மாவுக்கு காட்டுங்க. மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க, நானே கூப்பிடுறேன்."

இரண்டு நாள் கழித்து மிஸ்டு கால் வந்தது. கூப்பிட்டாள்.

"நான் சுமலதா. கோபால் சம்சாரம். அவரு தூங்கிக்கினு இருக்காரு. படம் பாத்தேங்க்கா, மரம் நல்லா கீது. பக்கத்துல யாரு இருக்காங்க?"

அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் ஆபீசில் சந்திரகலாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாக்கு வரைக்கும் வந்தது.

"யாரும் இல்லம்மா. இப்போதைக்கு சுத்தி காலி மனைதான்."

"அவரு நைட்டு ஷிப்டு போய்ட்டா நான் யாரு கூடக்கா பேசுவேன்?" என்ற சுமலதா போனை வைத்துவிட்டாள்.

வேலை போயிற்று என்று சந்திரகலா நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேறு பதிலை அவளால் யோசிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு, கோபாலுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் வேனில் ஏறினார்கள்.

"பக்கத்துல ஆளு இல்லன்னீங்களே. லைன் ஊட்ல எனக்குப் பக்கத்து ஊடு இவதான், சாராளு. இட்டாந்துட்டேன்" என்றாள் முன்னால் ஏறியவள்.

"இவ போற எடத்துக்கெல்லாம் காப்பித்தூள் குடுக்க நானும் போவணுமா இன்னா?" என்றாள் சாராள்.

மனைக்கு வந்ததும் சுமலதா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு சாராளைப் பக்கத்து மனைக்குத் துரத்தினாள்.

"சாராளூ, கேக்குதா?"

"கேக்குதுடி, கத்தாத! மானம் போவுது!"

சுமலதா திரும்பிப் பார்த்துத் தலையசைத்தாள். கோபால் சிரித்தபடி, அட்வான்ஸுக்குக் கொண்டுவந்த கவரைப் பையிலிருந்து எடுத்தார்.

"யக்கா, எனுக்கும் ஒரு படம் எடுத்துக் குடு. எங்க ஊட்டுக்காரருக்குக் காட்டணும். இவளும் அதுல தெரியணும்" என்று சாராள் குரல் கொடுத்தாள்.

சந்திரகலா கோபாலின் போனை வாங்கித் தூக்கிப் பிடித்தாள். இரண்டு மனையும் ஒன்றாகத் தெரிவதற்காகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தாள்.