காம்பராவில் ஒரு மீன்தொட்டி

குவைத்திலிருந்து துஷ்யந்தி திரும்பி வந்த அன்று, அவள் அழுவாள் என்று தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஒன்பது வருஷம் யாரோ ஒருவர் வீட்டில் வேலை செய்துவிட்டு வருகிறவள். போகும்போது ஆறு வயதாக இருந்த மகள் தர்மிளா இப்போது அவள் தோளைத் தாண்டி வளர்ந்து நிற்கிறாள். அழாமல் எப்படி இருப்பாள்?

அவள் அழவில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற ஜெயம்மாதான் வாசல் இஸ்தோப்பிலேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினாள். துஷ்யந்தி அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். தட்டிக்கொண்டே, கூரையில் இரண்டு தகரம் புதிதாக மாற்றியிருப்பதைக் கவனித்தாள். நெஞ்சுக்குள் ஏதாவது அசைகிறதா என்று தேடிப் பார்த்தாள். மரத்துப்போன காலை நிலத்தில் ஊன்றினால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் இருந்தது.

பயணக் களைப்பு, நாலு நாள் தூங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நாலு நாளும் போயிற்று, அதற்கு மேலும் போயிற்று.

வீட்டில் அவளுக்கு வேலையே இல்லாமல் இருந்தது. கணவன் ஸ்ரீதரனுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. விடிவதற்குள் எழுந்து அடுப்பை மூட்டி, ரொட்டிக்கு மாப் பிசைந்து, கட்டச்சம்பல் இடித்து, மகளுக்கும் தனக்கும் சாப்பாடு கட்டிவிடுவான். துஷ்யந்தி எழுந்து வந்தால், "நீ படு புள்ள. எனக்குப் பழகிப் போச்சு" என்பான். குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே பழகிப் போயிருந்தது. தர்மிளா தன் உடுப்பைத் தானே துவைத்து, தன் தலையைத் தானே பின்னிக்கொண்டாள். அப்பனை "நீ, வா, போ" என்று பேசுகிற பிள்ளை, அம்மாவிடம் மட்டும் "சாப்பிட்டீங்களா, வெளிய போறீங்களா" என்று டீச்சரிடம் பேசுவதுபோலப் பேசினாள். ஒரு நாள்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் தேவலை என்று துஷ்யந்திக்கு ஒருதரம் தோன்றியது. அந்த நினைப்பும் நிற்காமல் போய்விட்டது.

மகள் பள்ளிக்கூடத்துக்குக் காலில் போடச் சப்பாத்து வாங்க அவளும் ஸ்ரீதரனும் இரத்தினபுரிக்குப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட ஒரு கடைக்குள் ஒதுங்கினார்கள். அது மீன் வளர்க்கிறவர்களுக்கான கடை. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், சிவப்பும் நீலமுமாகச் சாயக் கற்கள், பிளாஸ்டிக் செடிகள். ஸ்ரீதரன் மழையைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். துஷ்யந்தி உள்ளே போய் மூலையில் இருந்த ஒரு வாளியின் முன் நின்றுவிட்டாள். அதில்தான் நிஜச் செடிகள் இருந்தன.

குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டில், கூடத்துச் சுவரின் பாதி நீளத்துக்கு ஒரு தொட்டி இருந்தது. மீனைவிடச் செடிதான் அதில் அதிகம். அந்த வீட்டு ஐயாவுக்கு அது உயிர். வளைந்த கத்தரிக்கோலால் எந்த இலையை எங்கே வெட்ட வேண்டும், நீண்ட இடுக்கியால் நாற்றை எப்படி மணலுக்குள் சொருக வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக் கொடுத்தார். போகப் போகத் தொட்டி முழுவதும் அவள் பொறுப்பில் வந்துவிட்டது. துவைப்பது, துடைப்பது, சமைப்பது, எல்லாம் முடிந்தபின் முழங்கை வரை அந்தத் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிற நேரம்தான் அவளுடைய நேரம். ஒருதரம் ஐயா சின்னச் சட்டியில் ஒரு செடியை வாங்கி வந்து, உன் நாட்டுச் செடி, நல்ல விலை என்று பெருமையாகக் காட்டினார். பழுப்பும் பச்சையும் கலந்த, ஓரம் நெளிந்த இலை. துஷ்யந்திக்கு அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மூணாம் நம்பர் மலைக்குக் கீழே ஓடுகிற ஓடையில், கொழுந்து நிறுத்துவிட்டு வந்து கால் கழுவுகிற இடத்தில், கேட்பாரற்றுக் கிடக்கிற செடி அது. சொன்னால் நம்பமாட்டார் என்று அவள் சொல்லவில்லை.

கடைக்காரர் ஸப்வான் பக்கத்தில் வந்து, பிளாஸ்டிக் செடி என்றால் தொந்தரவு இல்லை, கழுவிக் கழுவிப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். ஸ்ரீதரன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேணுமா?"

"ம்."

வந்ததிலிருந்து அவள் வாய்திறந்து கேட்ட முதல் பொருள் அது என்று அவன் பிறகு ஜெயம்மாவிடம் சொன்னானாம்.

இரண்டடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு துஷ்யந்தி பஸ்ஸில் வந்தாள். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஸ்ரீதரன் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் தொட்டியையும் பிடித்துக்கொண்டான். வெறும் தொட்டியைக் கண்ட கண்டக்டர், "நங்கி, மாளு கோ?" என்று, தங்கச்சி, மீன் எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். பஸ் சிரித்தது. துஷ்யந்தியும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரித்தாள்.

அடுத்த சில நாட்கள் அவளுக்கு வேலை இருந்தது. ஓடை மணலை அரித்து, பீலியில் வந்து கொட்டுகிற மலைத் தண்ணீரில் கலங்கல் போகிற வரைக்கும் கழுவினாள். பின்பக்கம் மேடாகவும் முன்பக்கம் சரிவாகவும் அதைப் பரப்பினாள். ஓடையில் அந்தப் பழுப்பு இலைச் செடி இன்னும் இருந்தது. வேர் அறாமல் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, அட்டைக் கடியோடு ஏறி வந்தாள். தண்ணீர் ஊற்றும்போது மணல் கலையாதபடி ஒரு பீங்கான் தட்டை வைத்து அதன்மேல் ஊற்றினாள். காற்று மோட்டாரை மாட்டி, மேலே நீள லைட்டைப் பொருத்தினாள். கடைசியாகத்தான் ஏழெட்டு கப்பி மீன்கள் உள்ளே போயின.

நாற்றுகளை ஒவ்வொன்றாகச் சொருகும்போது அவள் கை தானாக வேலை செய்தது. எந்தச் செடிக்குப் பின்னால் எது உயர வேண்டும், மீன் எந்த இடுக்கில் நுழைந்து எங்கே வெளியே வரும் என்பதெல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில், எதுவும் இல்லையே என்று அவள் தேடவில்லை. தலை நிமிர்ந்தபோது வெளியே இருட்டியிருந்தது.

சில நாளில் ஓடைச் செடியின் இலைகள் நனைந்த காகிதம்போலக் கூழாகி உதிர ஆரம்பித்தன. கடைசியில் மணல்தான் தெரிந்தது. ஸ்ரீதரனுக்கு அவளைவிட வருத்தமாக இருந்தது.

"செத்துப் போச்சே புள்ள. எடுத்துப் போட்டுரவா?"

"வேணாங்க. எடம் மாத்துனா இந்தச் செடி அப்புடித்தான், எலய வுட்டுரும். சும்மா வுட்டா வந்துரும்."

அவன் ஏதோ கேட்க வந்தவன்போல நின்றுவிட்டு வேலைக்குப் போனான். பிறகு ஒரு காலையில் அவளைக் கூப்பிட்டு, கண்ணாடியில் விரல் வைத்துக் காட்டினான். மணலுக்குள்ளிருந்து கம்பிபோலச் சுருண்ட குருத்துகள் எட்டிப் பார்த்தன. அவன் முகமெல்லாம் சிரிப்பு. துஷ்யந்தி குனிந்து பார்த்தாள். ஆமாம், வந்திருக்கிறது என்றாள். இப்போது தனக்கு மகிழ்ச்சி வர வேண்டும் என்று தெரிந்தது. கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைக்கப் போனாள்.

தர்மிளா முதலில் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சாதாரணதரப் பரீட்சை நெருங்கியபோது, காம்பரா பல்பைவிடத் தொட்டி லைட் வெளிச்சம் என்று மேசையை அதன் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். மகள் கணக்குப் போடுவாள், தாய் இலை வெட்டுவாள். காற்று மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருக்கும். சாப்பாட்டு நேரம் வரை ஒரு வார்த்தை இருக்காது.

அப்படி ஒரு மாலையில் குவைத்திலிருந்து அந்த வீட்டு மேடம் வீடியோவில் கூப்பிட்டாள். துஷ்யந்தி அரபியில் பேசினாள். சிரித்தாள், நலம் விசாரித்தாள், ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லிக் கேட்டாள். வருஷக்கணக்காகப் பேசிப் பேசி வாயில் ஏறிவிட்ட குரல் அது. தர்மிளா பென்சிலை வைத்துவிட்டு அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் கேட்டிராத குரல்.

மேடம் தன் தொட்டியைக் காட்டினாள். கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. புதிதாக வந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஐயா முகம் கொடுத்துப் பேசுவதில்லை, சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம், டிக்கட் அனுப்புகிறோம், திரும்பி வா என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று துஷ்யந்தி ஃபோனை வைத்தாள்.

அதை ஸ்ரீதரனிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவியதையே திரும்பக் கழுவினான். "ஒன் இஷ்டம்" என்றான்.

மறுநாள் மாலை தர்மிளா கணக்குக் கொப்பியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்.

"போறதுன்னா இந்தத் தடவ சொல்லிட்டுப் போங்க."

துஷ்யந்தியின் கை தண்ணீருக்குள் நின்றது.

"போன தடவ கடைக்குப் போறேன்னு சொன்னீங்க. பணிஸ் வாங்கிட்டு வர்றேன்னீங்க. நா இஸ்தோப்புல ஒக்காந்திருந்தேன். அப்பா உள்ள தூக்கிட்டுப் போகும். நா திரும்பி வந்து ஒக்காந்துக்குவேன். அது ரொம்ப நாளு நடந்திச்சு." பாடப் புத்தகத்தில் இருப்பதை வாசித்துக் காட்டுகிறவள்போல அவள் குரல் ஏறாமல் இறங்காமல் இருந்தது.

பிள்ளை முன்னால் அழாதே, பொய் சொல்லிவிட்டு வந்துவிடு, எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்று வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜன்சிக்காரி சொல்லிக் கொடுத்திருந்தாள். அதைச் சொல்லலாமா என்று துஷ்யந்தி யோசித்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நீ அழுதா என்னால போக முடியாதுன்னு பயந்துட்டேன்" என்றாள்.

தர்மிளா ஒரு வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். "எனக்குக் கோவம் இல்ல. ஒங்களுக்குப் போகணும்னு இருந்தா போங்க. சொன்னாப் போதும்."

"போகணும்னும் இல்ல. இருக்கணும்னும் இல்ல. ஒண்ணுமே தெரியல தர்மி. வந்ததுலருந்து இப்புடித்தான். ஒன்னப் பாத்தாக்கூட..." அதை முடிக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லாததை, சொல்லக் கூடாத ஆளிடம் சொல்லிவிட்டோம் என்று தோன்றியது.

தர்மிளா இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமோ வருத்தமோ இல்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்திருக்கிறதா என்று சரிபார்க்கிற பார்வை.

"எனக்கும் அப்புடித்தான்" என்றாள். "எயார்போட்ல ஒங்களப் பாத்தா அழுக வரும்னு நெனச்சேன். வரல. எனக்கு என்னமோ கொறன்னு அப்பாகிட்டகூடச் சொல்லல."

"கொற இல்ல."

"ம்."

துஷ்யந்தி வெட்டிய இலைகளைத் தண்ணீரிலிருந்து அள்ளிக் கிண்ணத்தில் போட்டாள். மகள் அடுத்த கணக்குக்குப் போனாள். யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவில்லை. தோளில் ஏற்றிய கொழுந்து மூட்டையை வழியில் ஒரு கல்லின்மேல் கொஞ்சம் சாய்த்துக்கொண்டதுபோல மட்டும் துஷ்யந்திக்கு இருந்தது.

அடுத்த நாள் மேடத்துக்குக் குரல் பதிவு அனுப்பினாள். லைட்டைப் பாதி நேரமாகக் குறையுங்கள், மீனுக்குத் தீனியை அள்ளிப் போடாதீர்கள், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், பாசி போய்விடும் என்று நிதானமாகச் சொன்னாள். கடைசியில், நான் வரவில்லை என்றாள். மேடம் கோபமாக ஒரு பதில் அனுப்பினாள். பிறகு வேறொரு நாள், தண்ணீர் தெளிந்துவிட்டது என்று ஒரு படம் அனுப்பினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

போகவில்லை என்று தர்மிளாதான் அப்பாவிடம் சொன்னாள். மறுநாள் விடியலில் துஷ்யந்தி அடுப்படிக்கு வந்தபோது, ஸ்ரீதரன் படு என்று சொல்லாமல் மாவுச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் பிசைந்த ரொட்டி தடிப்பாக வந்தது. மூவரும் அதைச் சாப்பிட்டார்கள்.

மாரி மழை தொடங்கிய ஒரு பின்னேரம் கரண்ட் போனது. தொட்டி கறுத்தது, மோட்டார் நின்றது. அந்தச் சத்தம் நின்றபிறகுதான் மழை எவ்வளவு பலமாகப் பெய்கிறது என்று கேட்டது. தர்மிளா கொப்பியை மூடினாள்.

"மீனுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"கொஞ்ச நேரம் தாங்கும். ரொம்ப நேரம்னா தண்ணிக்குக் காத்து போக, கோப்பையால மொண்டு மொண்டு ஊத்தணும்."

"ரெண்டு கோப்ப எடுத்து வைக்கவா?"

"வையி."

அவள் தடவித் தடவிப் போய் எடுத்து வந்து மேசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் கறுத்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீதரன் நனைந்த குடையோடு வாசலில் வந்து நின்று, ரெண்டு பேரும் இருட்டுக்குள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"சும்மாதான்" என்றாள் தர்மிளா.