நாலு பேரில் மெயின் யார்?

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து பிறந்தது. நெஞ்சில் நெடுநாள் கனன்றது என்று எழுத ஆசைதான். ஆனால் மயிலாப்பூரில் ஒரு சபாவின் படிவத்தை நான் தப்பாக நிரப்பினேன், அவ்வளவுதான். (சபாவுக்கு நாதப்பிரவாக சபா என்று பெயர் வைத்திருக்கிறேன். தேடாதீர்கள், கிடையாது.) தப்பு செய்தவன் மன்னிப்பு கேட்கலாம், அல்லது கதை எழுதலாம். கதையில் மன்னிப்பை வேறு யாராவது கேட்கும்படி செய்துவிடலாம்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அடையாறின் மாலைக் காற்று வயலின் தந்திகளை மெல்ல வருட..."

வேண்டாம். மாலையில் அடையாறில் யாரையாவது வருடுவது கொசு மட்டும்தான்.

2

நாலு பேர். பிரணவ் முதல் வயலின், ரூஹி இரண்டாம் வயலின். ஜெயபாரதி வியோலா. அது வயலின் மாதிரியே இருக்கும், கொஞ்சம் பெரிசு, கட்டைக் குரல். ஸ்ரீலக்ஷ்மி செல்லோ. அதை ஆட்டோவில் ஏற்றினால் ஸ்ரீலக்ஷ்மிக்கு இடமிருக்காது. நாலும் சேர்ந்தால் மேற்கத்திய சங்கீதத்தில் ஸ்டிரிங் குவார்டெட். நாலு பேரும் சமம். மெட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

தி.நகர் கல்யாண ரிசப்ஷன்களில் வாசிக்கிறார்கள். போன மாதம் ஒருவர் பாதி வாசிப்பில் ஜெயபாரதியிடம் குனிந்து, "ஏம்மா, ஐஸ்கிரீம் எந்தப் பக்கம்?" என்றார். வில்லாலேயே வழி காட்டினாள்.

அப்போதுதான் சபா இளம் கலைஞர் ஆதரவுத் திட்டத்தை அறிவித்தது. ஒரு வருடம் பயிற்சிக்கு அறை, மாதாமாதம் உதவித்தொகை, எட்டுக் கச்சேரி. கிடைத்தால் குழு நிற்கும். கிடைக்காவிட்டால் ஸ்ரீலக்ஷ்மி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவாள். நேர்காணல் அன்று மாலை ஐந்துக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். மிச்சம் மூன்று பேர். மூன்று பேருக்குக் குவார்டெட் என்று பெயர் கிடையாது.*

*ஸ்ரீலக்ஷ்மி இதைப் படித்துவிட்டு, "டேய், நான் வேலைக்குப் போறத ஏதோ தூக்குமேடைக்குப் போற மாதிரி எழுதாதே. எனக்கு எக்செல் பிடிக்கும்" என்றாள். பாத்திரம் ஒத்துழைக்க மறுக்கிறது. கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பி, "செல்லோ அதைவிடப் பிடிக்கும். அதையும் எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

3

படிவம் தமிழில் இருந்தது. கல்லூரியில் கிண்டல் பத்திரிகை நடத்துகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னிடம் வந்தது. அதில் இரண்டு கட்டங்கள். "முதன்மைக் கலைஞர் (ஒருவர் மட்டும்)." "பக்கவாத்தியம்." சபாவில் கச்சேரி என்றால் அப்படித்தான்: நடுவில் ஒருவர், பக்கத்தில் மற்றவர்கள். காலியாக விட்டால் தள்ளுபடி என்று அடியில் போட்டிருந்தது. எதிரில் உட்கார்ந்து சமோசா தின்றுகொண்டிருந்தவன் பிரணவ். அவன் பெயரை எழுதினேன். மற்ற மூன்று பேரையும் பக்கவாத்தியத்தில் போட்டேன்.

சபாவின் நேர்காணல் அறிவிப்பும் அப்படியே வந்தது: "செல்வன் பிரணவ், வயலின்." பிரணவ் அதை ஸ்டேட்டஸில் வைத்தான்.

"இன்னா நைனா, நான் உனுக்குப் பக்கவாத்தியமா?" என்றாள் ரூஹி. "ஸ்டேட்டஸ் வேற வெச்சிக்கினு கீற."

"ஃபாரம் எழுதினது இவன், ரூஹி!"

"ஸ்டேட்டஸ் வெச்சது யாரு?"

குவார்டெட்டில் ஒருவரை ஒருவர் பார்த்து, சேர்ந்து மூச்சை இழுத்தால்தான் வாசிப்பே தொடங்கும். அடுத்த மூன்று நாளும் ரூஹி ஃபேனைப் பார்த்து மூச்சிழுத்தாள்.

4

நேர்காணல். செயலாளர் ஸ்ரீனிவாசராகவன், "மெயின் ஆர்ட்டிஸ்ட் நடுவுல வாங்கோ" என்று பிரணவ் முன்னால் ஒரே ஒரு மைக்கை நட்டார். மற்ற மூவரையும் ஓரமாக ஒதுக்கினார். முதல் உருப்படி நாலு பேரும் நாலு பஸ்ஸில் கிளம்பிய மாதிரி தொடங்கி, ஒருவழியாக முடிந்தது.

இங்கே பிரணவுக்கு ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன். "கலையில் உயர்வென்றும் தாழ்வென்றும்..." அடித்துவிட்டேன். இப்படிப் பேசுகிறவனோடு நான் சமோசா சாப்பிடமாட்டேன். அவன் செய்தது இதுதான்: எழுந்து ரூஹியிடம் போனான்.

"நீ அங்க உக்காரு. இதுல நான் செகண்ட் வாசிக்கிறேன்."

"ஸ்டேட்டஸு?"

"காலைல எடுத்துட்டேன். சாரி."

(பார்த்தீர்களா, மன்னிப்பு நான் கேட்கவில்லை.)

இடம் மாறினார்கள். ரூஹி அவனைப் பார்த்தாள். நாலு மூச்சு ஒன்றாக உள்ளே போனது கடைசி வரிசையில் எனக்கே கேட்டது.

"என்ன இது, மெயின் ஆர்ட்டிஸ்ட் எழுந்துண்டு போயிட்டார்!" என்றார் செயலாளர்.

"சித்த சும்மா இருங்கோ. இப்பத்தான் நன்னா இருக்கு" என்றார் தேர்வுக் குழு உறுப்பினர் கோமளம் மாமி.

மூன்றாவது உருப்படியை செல்லோ தனியாக ஆரம்பித்தது. செயலாளர் படிவத்தில் பிரணவை அடித்து ஸ்ரீலக்ஷ்மி என்று எழுதினார். ஐந்து நிமிடத்தில் வியோலா மேலே வந்தது. ஸ்ரீலக்ஷ்மியை அடித்து ஜெயபாரதி என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, கேட்கத் தொடங்கினார்.

5

முடிவு அ: திட்டம் கிடைக்கிறது, நாலு பேருக்கும் சால்வை. (சபா வாங்கி வைத்திருந்தது ஒரே சால்வை.)

முடிவு ஆ: கிடைக்கவில்லை. மற்ற மூவரும் வேறொரு செல்லோ ஆளைத் தேடி... ஸ்ரீலக்ஷ்மி என் பின்னால் நின்று படித்துக்கொண்டிருக்கிறாள். இந்த முடிவை எழுத முடியாது.

பக்கத்து அறையில் தேர்வுக் குழு கூடியிருக்கிறது. ஒருவரே மெயின், விதி விதிதான் என்று மூன்று பேர். விதியைத் திருத்துங்கள் என்று மாமி உள்பட மூன்று பேர். செயலாளருக்கு ஓட்டு கிடையாது. அவர் அதற்காக வருத்தப்படுகிறார். இரட்டைப்படையில் குழு அமைத்தது என் தப்பு. எனவே மாமி பக்கத்தில் ஏழாவதாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உங்களுக்குத்தான்.

வெளியே பெஞ்சில் நாலு பேர். ஸ்ரீலக்ஷ்மியின் போனில், கம்பெனிக்கு "சம்மதம்" என்று அடித்து அனுப்பாத மெயில். மணி நாலு ஐம்பத்தாறு.

"வாங்கோ, உக்காருங்கோ. நீங்க என்ன சொல்றேள்?" என்கிறார் மாமி.

எதுவானாலும் சொல்லுங்கள். காபி ஆறிவிட்டது என்று சொல்லி மட்டும் நேரத்தைக் கடத்தாதீர்கள்.