சரிபாதித் தூரம்

அந்த வீட்டில் எந்தச் சண்டையும் ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்று முடிந்ததில்லை. அப்பா விட்டதில்லை. அவர் தொழிலாளர் துறையில் சமரச அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் முதலாளி, மறு பக்கம் சங்கம், நடுவில் அவர். இரண்டு தரப்பும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனால் நல்ல தீர்ப்பு என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கை வீட்டுக்கும் கொண்டு வந்தார். அக்கா நாய் கேட்டாள், தம்பி பூனை கேட்டான். வீட்டுக்கு வந்தது மீன் தொட்டி. கூடத்துச் சுவருக்கு அக்கா மஞ்சள் வேண்டும் என்றாள், தம்பி நீலம் என்றான். சுவர் இன்றுவரை பாசி படிந்த பச்சை.

இவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவள் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவளுக்குச் சமத்து என்று பெயர் வைத்தார்கள். ரயிலில் ஜன்னல் சீட் போகும்போது அக்காவுக்கு, வரும்போது தம்பிக்கு. இரண்டு தடவையும் சமத்து நடுவில் உட்கார்ந்தாள். தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் பெயர் மாறவில்லை. அப்பா அம்மாவோடு அதே பச்சைச் சுவருக்குள் இருந்தாள்.

வேலை கண்ணாடிக் கடையில். வருகிறவர்களுக்குக் கண் பவர் பார்க்க வேண்டும். கனத்த சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, எதிரே உள்ள எழுத்துகளைக் காட்டிக் கேட்க வேண்டும். இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா. குரலில் சாய்வு கூடாது. கொஞ்சம் அழுத்திச் சொன்னாலும் ஆட்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவே வேண்டாம்.

எல்லாருக்கும் ஒரே வாரத்தில் லீவு அமைந்தது அதிசயம். அக்கா, அத்தான், தம்பி, அப்பா, அம்மா, அவள். எந்த ஊர் என்பது சுலபமாக முடிந்தது. ஊரில் எந்தப் பகுதியில் தங்குவது என்பதில்தான் வந்தது வினை.

"சமத்து, நீயே பாத்து முடிச்சிடு. நீ எது சொன்னாலும் எனக்கு ஓகே" என்றாள் அக்கா.

தம்பியும் அதையே சொன்னான். அத்தான் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

சாப்பாட்டு இடைவேளைகளில் அவள் தேடினாள். ஊருக்கு வடக்கே பழைய சந்தை, தெற்கே மால்களும் உயரமான கட்டிடங்களும் வந்த புதுப் பகுதி, கிழக்கே கடல். கடலோரத்தில், மீன் ஏலம் விடும் இடத்தைத் தாண்டி, ஒரு மாடி வீட்டில் வரிசையாக மூன்று அறைகள் வாடகைக்கு இருந்தன. நடு அறையின் படத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரை ஒட்டி ஒரு இரும்புக் கட்டில். கட்டிலின் உயரத்துக்கே ஜன்னல். ஜன்னல் முழுக்கத் தண்ணீர். எழுந்திருக்க வேண்டாம், கழுத்தைத் திருப்பினால் போதும்.

வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாள்.

"மூணு ரூமும் வேணுமா? வெள்ளிக்கிழமை வரைக்கும் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"வெள்ளிக்குள்ள சொல்லிடறேங்க."

அன்று மாலை கடையில் ஒரு பெரியவருக்கு ஒரே வில்லையை இரண்டு தடவை போட்டுக் காட்டினாள். இரண்டாவது நன்றாக இருப்பதாக அவரும் சொன்னார்.

வியாழக்கிழமை எல்லாரும் போனில் கூடினார்கள். திரையில் கட்டம் கட்டமாக முகங்கள். அக்காவின் கட்டத்தில் அத்தானின் காது மட்டும் தெரிந்தது. சமத்து மூன்று பகுதிகளையும் சொன்னாள். சந்தைப் பக்கம் என்ன வசதி, புதுப் பகுதியில் என்ன வசதி, கடல் பக்கம் என்ன வசதி. கடலை நடுவில் வைத்துச் சொன்னாள். குரலில் சாய்வு இல்லை.

"கடல் வேணாம்பா. உப்புக் காத்து. துணி காயவே காயாது" என்றாள் அக்கா.

"ரேட்டிங்கும் கம்மியா இருக்கு" என்றது காது.

"கடலைப் பாக்கணும்னா போய்ப் பாத்துட்டு வந்துடலாம். அங்கயே போய்ப் படுக்கணுமா என்ன" என்றான் தம்பி.

கடல் முடிந்தது. சமத்து, "சரி" என்றாள்.

பிறகு நிஜச் சண்டை தொடங்கியது. அக்காவுக்குச் சந்தைதான் வேண்டும். இறங்கினால் கடை, ஏறினால் அறை. தம்பிக்குப் புதுப் பகுதிதான். நீச்சல் குளம் இருக்கிறது, கொசு இல்லை.

"குளத்துல குளிக்கறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா? உங்க ஊர்ல தண்ணி வரலையா?"

"நீ பை பையா வாங்கிட்டு வந்து அத்தான் தலையில கட்டறதுக்கு நாங்கல்லாம் சந்தைக்குள்ள நசுங்கணுமா?"

"தலையில கட்டினா அவர் தூக்கறார். உனக்கென்ன வந்தது?"

அத்தானின் காது திரையை விட்டு விலகிப் போனது.

அம்மா சமையலறையிலிருந்து, "எனக்கென்ன, எங்க கொண்டு போய் விட்டாலும் சரி" என்றாள்.

அப்பா அதுவரை பேசவில்லை. அலுவலகத்திலும் அப்படித்தானாம், இரண்டு தரப்புக்கும் தொண்டை வறளும்வரை காத்திருப்பார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சமத்துவின் போனில் வரைபடத்தைத் திறக்கச் சொன்னார். வடக்கே ஒரு விரல், தெற்கே ஒரு விரல். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது விரலை ஊன்றினார்.

"இங்க பாரு, இதுக்கு என்ன குறைச்சல்? சந்தைக்கும் சரிபாதி தூரம். அதுக்கும் சரிபாதி தூரம்."

"அங்க என்ன இருக்குப்பா?" என்றாள் சமத்து.

"நடுவுல இருக்கு. அது போதாதா?"

அக்கா உதட்டைப் பிதுக்கினாள். தம்பி மேலே பார்த்தான். அப்பாவுக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை சமத்து வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல வந்தவள், "இன்னும் முடிவாகலைங்க" என்றாள்.

"இப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்" என்று அந்தம்மா போனை வைத்தாள்.

அவர்கள் போய் இறங்கியது சனிக்கிழமை காலை. நடுப் பகுதி முழுக்க அலுவலகங்கள். வங்கிகள், வக்கீல்கள், ஜெராக்ஸ் கடைகள், ரப்பர் ஸ்டாம்பு செய்கிறவர்கள், கூரியர். சனி, ஞாயிறு எல்லாவற்றுக்கும் விடுமுறை. தெரு நெடுக இறங்கிய ஷட்டர்கள். திங்கள், செவ்வாயும் அரசு விடுமுறை என்பதால்தான் அவர்களுக்கே லீவு கிடைத்திருந்தது. அந்த நாட்களில் இந்தத் தெருவும் மூடித்தான் கிடக்கும் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

தங்க வேண்டிய வீடு, ஒரு வக்கீல் ஆபீசுக்கு மேலே, உச்சி மாடியில். விடுமுறை நாளில் லிஃப்ட் ஓடாது என்றார் காவலாளி.

"ஏன் ஓடாது?" என்று கேட்டார் அத்தான்.

"யாரும் வரமாட்டாங்கல்ல."

"நாங்க வந்திருக்கோமே."

காவலாளி அவர்களை ஒருமுறை பார்த்தார். அது தன் குற்றமில்லை என்பது போலத் திரும்பிக்கொண்டார்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். அறைகள் சுத்தமாக இருந்தன. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஏசி இயந்திரங்கள்.

"அமைதியா இருக்கு" என்றார் அப்பா.

சாப்பாட்டுக்குத் தெருத்தெருவாக அலைந்தார்கள். திறந்திருந்தது ஒரு மருந்துக் கடை. அங்கே பிஸ்கட் வாங்கி, வங்கியின் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றார்கள். ஏடிஎம்முக்கு வந்த ஒருவர் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனார்.

சந்தைக்குப் போகப் பஸ் நேராக இல்லை. மாறிப் போக வேண்டும். புதுப் பகுதிக்கும் அப்படியே. மாறுகிற இடம் இரண்டுக்கும் ஒன்றுதான், அது கடற்கரை நிறுத்தம் என்று காவலாளி சொன்னார். டாக்சிக்காரர்கள் ஒருவழிப் பாதை என்று சொல்லித் தெருவுக்குள் வர மறுத்தார்கள். அக்கா சந்தைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடை கட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி குளத்துக்குப் போனான். வெளியாட்களுக்கு அனுமதி இல்லையாம். டவலைத் தோளில் போட்டபடியே திரும்பி வந்தான்.

"உன் சந்தையால வந்தது" என்றான்.

"உன் குளத்தால வந்தது."

"ரெண்டு பேருக்கும் குறைதானே?" என்றார் அப்பா. "அப்ப சரியாத்தான் முடிவு பண்ணியிருக்கோம்."

சமத்து அடுப்பைப் பற்ற வைக்கப் பார்த்தாள். சிலிண்டர் காலி.

மறுநாள் காலை, எங்கே போய்ச் சாப்பிடுவது என்று பேச்சு தொடங்கியது. அக்காவுக்கு வடக்கே, தம்பிக்குத் தெற்கே. பசியில் குரல்கள் ஏறின. அத்தான் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சமத்து, நீ சொல்லு. நீ எது சொன்னாலும் ஓகே" என்றாள் அக்கா.

சமத்து வாயைத் திறந்தாள்.

"அவளை ஏன் இழுக்கறீங்க?" என்றார் அப்பா. "மேப்பைத் திற. நடுவுல ஏதாவது இருக்கும்."

கடையில் சிலர் வருவார்கள். எந்த வில்லையைப் போட்டாலும் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு என்பார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தால் பொழுது போய்விடும். ஒரு கட்டத்தில் கேட்பதை நிறுத்திவிட்டு, சட்டத்தோடு எழுப்பி வாசலுக்கு அனுப்பித் தெருவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சமத்து போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள்.

"மூணு ரூம் கேட்ட பொண்ணுதானே?" என்றாள் வீட்டுக்காரம்மா. "ரெண்டு போயிடுச்சு. நடு ரூம் ஒண்ணுதான் இருக்கு. எத்தனை பேரு?"

"ஒருத்தர்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

உள்ளே வந்து பையில் துணிகளைத் திணித்தாள். மடிக்கவில்லை. பேச்சு ஒவ்வொன்றாக நின்றது.

"எங்க கிளம்பிட்ட?" என்றான் தம்பி.

"கடலுக்கு. மீன் ஏலம் விடற இடத்தைத் தாண்டி ஒரு ரூம் எடுத்திருக்கேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "இது நல்லா இருக்கே. குடும்பமா வந்துட்டு நீ மட்டும் தனியா போவியா? எங்களை இந்தப் பொந்துல கொண்டு வந்து போட்டுட்டு?"

"நான் போடல."

"நீதானே எல்லாம் பாத்த?"

"நான் பாத்தது அதை."

"அப்ப சொல்லித் தொலைக்கறதுதானே?" என்றாள் அம்மா. தைலப் புட்டியை மூடக்கூட இல்லை. "கடல்தான் வேணும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இந்தப் படி ஏறியிருக்க வேணாம். கிளிப்பிள்ளை மாதிரி மூணையும் ஒப்பிச்ச. எங்களுக்கு என்ன ஜோசியமா தெரியும்?"

சமத்து பையின் ஜிப்பை இழுத்தாள். அம்மா சொன்னது பொய்யில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் ஒருவர்கூட, உனக்கு என்ன வேணும் என்று கேட்டதுமில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பாள். ஜிப் மாட்டிக்கொண்டது. இழுத்து அறுத்தாள்.

"இரும்மா" என்றார் அப்பா. "கோபம் வேணாம். இப்படிப் பண்ணுவோம். இன்னிக்கு ஒரு நாள் இங்க இரு. நாளைக்கு எல்லாரும்..."

அவள் படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.

அறை படத்தில் இருந்ததைவிடச் சின்னது. பாத்ரூம் குழாய் ஒழுகியது. மீன் வாடை வந்தது. கட்டிலும் ஜன்னலும் அப்படியே இருந்தன. கண்ணாடியைக் கழற்றாமல் படுத்து, கழுத்தைத் திருப்பினாள். தண்ணீர் இருந்தது. அழவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

கதவு தட்டும் சத்தத்தில் எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் ஐந்து பேரும் நின்றார்கள். பெட்டிகளோடு.

"சந்தைக்குப் போலாம்னு கிளம்பினோம்" என்றாள் அக்கா. "இங்கதானே பஸ் மாறணும்."

"பெட்டியை எடுத்துக்கிட்டா?"

அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பி ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றான். அம்மா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, "வழியில சாப்பிட்டோம். மீன் நல்லா இருந்துச்சு" என்றாள். அத்தான் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு, "வாஷர் போயிருக்கு" என்றார். அறையில் கால் வைக்க இடமில்லை.

"கீழ பாய் கேட்டா தருவாங்களா?" என்றான் தம்பி. "கட்டில் எனக்கு. எனக்கு முதுகு வலி."

"உன்னைவிட மூத்தவ நான் நிக்கறேன்."

"மூத்தவன்னா முதுகுவலி வராதா?"

"வந்திருக்கு. அதான் கேக்கறேன்."

அப்பா அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். கட்டிலைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

"இன்னிக்கு அவ. நாளைக்கு அவன்" என்றார். "சமத்து, நீ ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு பாயைப் போட்டு..."

"இல்லப்பா" என்றாள் அவள். "கட்டில் என்னோடது."

"இன்னிக்கா? நாளைக்கா?"

"ரெண்டு நாளும்."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மறு தரப்பு ஏதாவது சொல்லும் என்று காத்திருந்தார். அவள் காலை மேலே தூக்கி வைத்துப் படுத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சற்று நேரம் கழித்து, பாய் கேட்கக் கீழே யார் போவது என்று அக்காவும் தம்பியும் ஆரம்பித்தார்கள்.